பிள்ளையைக் களரிக்கு அனுப்பலாமா? குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலை பக்கம் ஒரு களரியில் (சண்டைக் கலை பழகும் இடம்) மாலை வேளைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சுவடும் (கால் வைக்கும் முறை) கம்பும் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களில் பலருக்கு விளையாட்டோ பதக்கமோ நோக்கமில்லை. பள்ளியிலோ பஸ்ஸிலோ யாரோ பிள்ளையைப் போட்டு வாட்டுகிறார்கள், அதற்கு ஒரு வழி வேண்டும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டிருக்கிறேன்.

அடிக்கத் தெரிஞ்சா தைரியம் வந்திருமா? அதுதானே விஷயம்?

இல்லை. தைரியம் மூன்று வழியில் வருகிறது. முதலாவது, தானே செய்து ஜெயிப்பது. சேர்ந்த முதல் சில மாதங்களில் அடி என்ற பேச்சே கிடையாது. நிற்கப் படிக்க வேண்டும், சுவடு வைக்கப் படிக்க வேண்டும், விழப் படிக்க வேண்டும். ஒற்றைச்சுவட்டில் மூன்றாவது திருப்பத்தில் எப்போதும் கால் மாறிப் போகிற பிள்ளை ஒருநாள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் முழுதாக வைத்து முடிக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற நடையே வேறாக இருக்கும். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-ல் எழுதியதும் இதைத்தான். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு முக்கியமாகத் தானே செய்து ஜெயித்த அனுபவத்திலிருந்து வருகிறது. அடுத்தவர் தட்டிக்கொடுத்துச் சொல்வதற்கு அவ்வளவு பலம் இல்லை.

இரண்டாவது, குரல். வாயே திறக்காத பிள்ளைகள் இங்கே எண்ணிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் அந்தக் குரலுக்குக் கால் வைப்பார்கள்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஆனால் யாரும் அதைக் கேட்பதில்லை. வகுப்பில் 'குண்டன்' என்று பெயர் வாங்கின பையனுக்கு இங்கே அந்தப் பெயர் கிடையாது. அவனைவிடச் சின்னவர்கள் அவனை அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள், கம்பு பிடிக்க அவனிடம் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்து மதிப்பீடு ஒன்றுதான் உலகம் என்ற நிலை அவனுக்கு மாறிவிடுகிறது.

பசங்கண்ணா கிண்டல் பண்ணத்தான் செய்வானுவ. எல்லாத்தையும் பெருசா எடுக்கணுமா?

எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். நார்வே நாட்டு உளவியல் அறிஞர் டான் ஓல்வேயஸ் சொன்ன மூன்று அடையாளங்கள் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு பக்கத்துக்கும் பலம் சமமில்லாமல் இருப்பது. பலம் என்றால் உடம்பு மட்டுமில்லை. கூட்டம், வயது, பணம், வகுப்பில் உள்ள செல்வாக்கு எல்லாம் சேரும்.

இரண்டு கூட்டுக்காரர்கள் பந்துக்கு அடித்துக்கொண்டு மறுநாள் தோளில் கை போட்டு வந்தால் அது சண்டை. விளவங்கோடு பக்கத்திலிருந்து நாகர்கோவில் பள்ளிக்கு வந்த பிள்ளையின் பேச்சை நாலு பேர் தினமும் நடித்துக் காட்டினால், கடற்கரை ஊர்ப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்தினால், அது கொடுமை. கை படவில்லை என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது.

எனக்க பிள்ளை ஒண்ணும் சொல்ல மாட்டான். நடக்குதுண்ணு எப்படிக் கண்டுபிடிக்க?

கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டம். திங்கள்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா, சோற்றுப் பாத்திரம் திறக்காமல் திரும்புகிறதா, பேனாவும் ஸ்கேலும் அடிக்கடி 'காணாமல்' போகிறதா, வந்ததும் அவசரமாகக் கக்கூசுக்கு ஓடுகிறானா (பள்ளியில் அங்கே போகப் பயப்படுகிறவர்கள் நிறைய), வழக்கமான பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறானா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். "யாரு உன்னை அடிச்சா?" என்று தொடங்காமல், "பஸ்ல யாரு பக்கத்துல இருந்தா?" என்று தொடங்கினால் பேச்சு வரும்.

எந்த வயசுல சேர்க்கலாம்?

6, 7 வயதில் தொடங்கலாம். அதற்கு முன்னால் ஓட்டமும் சாட்டமும் உருளுவதும்தான் நடக்கும், அதற்கு மாதக் கட்டணம் தேவையில்லை. 13, 14 வயதில் வருகிறவர்கள் "இனி என்னத்துக்கு" என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அவர்கள் சொன்னால் புரிந்துகொள்வார்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் நிற்கக் கூச்சப்படுவது மட்டும்தான் அவர்களுக்குத் தடை, அது சில வாரத்தில் போய்விடும்.

கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம், அடிமுறை, ஜூடோ. எதுல போடணும்?

சுருக்கமாகச் சொன்னால், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் நல்ல ஆசானோ மாஸ்டரோ எதைச் சொல்லிக்கொடுக்கிறாரோ அதில். கலையைவிட ஆள் முக்கியம். அவரை எப்படிப் பார்ப்பது என்று பின்னால் எழுதியிருக்கிறேன்.

கொஞ்சம் விரிவாகவும் சொல்லலாம். கராத்தே ஒகினாவாவிலிருந்து வந்தது. குத்தும் தடையும் அதிகம், பெல்ட் முறை இருப்பதால் பிள்ளைக்கு முன்னேற்றம் கண்ணில் தெரியும். டேக்வாண்டோ கொரியாவினுடையது, காலுக்கு வேலை. 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக் பதக்கப் போட்டியாக இருக்கிறது. (கராத்தேக்கு டோக்கியோவில் மட்டும் இடம் கிடைத்தது, பாரிஸ் 2024-ல் இல்லை.) ஜூடோவை 1882-ல் ஜப்பானில் கானோ ஜிகோரோ தொடங்கினார், பிடியும் விழுதலும்தான் அதன் அடிப்படை. சிலம்பத்தில் காலடியும் கம்பு வீச்சும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இது நல்லது, ஏனென்றால் இன்னொருவரைத் தொடாமலே ரொம்ப நாள் பயிற்சி செய்யலாம். அடிமுறை நம் மாவட்டத்துக்குரியது. சுவடு, அடிதடை (அடியும் தடுப்பும்), பூட்டு (கை காலைப் பிடித்து மடக்குவது), பிறகு கம்பு முதலான ஆயுதங்கள் என்று போகும்.

பள்ளியில் நடப்பது பெரும்பாலும் சட்டைக் காலரைப் பிடிப்பது, பையை இழுப்பது, தள்ளிவிடுவது. உயரமாக உதைக்கிறதற்கு அங்கே வேலையே இல்லை. அதனால் பிடி விடுவிப்பதும் அடிபடாமல் விழுவதும் எந்த வகுப்பில் இருக்கிறதோ அதற்கு நான் ஒரு மார்க் கூடப் போடுவேன்.

வர்மம் சொல்லிக்குடுப்பீங்களா? ஒரு விரல் வச்சா ஆளு விழுந்திருவான்லா?

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பிள்ளைகளுக்கு வர்மம் கிடையாது. வர்மம் என்பது அடிபட்டால் ஆபத்தான உடம்பின் நுட்பமான இடங்கள். அவை 108 என்று பொதுவாகக் கணக்கு சொல்வார்கள்; அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அடிபட்டவரை எழுப்புகிற இளக்குமுறை தெரியாத ஆளுக்கு அடிக்கிற இடத்தைச் சொல்லக்கூடாது என்பது ஆசான்மார் வழக்கம். வர்ம ஆசான் பெரும்பாலும் வைத்தியரும்தான், எண்ணெயும் கட்டும் அவர் கையில் இருக்கும். பல வருடம் கூடவே நின்று, குணம் பார்த்த பிறகுதான் அதைத் தொடுவார்கள்.

6 மாதத்தில் பிள்ளைக்கு வர்மம் சொல்லித்தருகிறேன் என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரி, அடியும் இல்ல வர்மமும் இல்லண்ணா, வாட்டுகவன் முன்னால எனக்க மவன் என்னதான் செய்வான்?

இதற்குத்தான் வகுப்பில் அதிக நேரம் போகிறது. வாட்டுகிறவன் பெரும்பாலும் ஆள் பார்த்துத்தான் வருவான். யார் சுருங்கி நிற்கிறான், யார் அழுவான், யார் வெளியே சொல்ல மாட்டான் என்று பார்த்து வைத்திருப்பான். அதனால் முதல் பாடம் நிற்பது: இரண்டு பாதமும் தோள் அகலத்தில், தலை நேராக, கண் எதிராளியின் நெஞ்சு மட்டத்துக்கு மேல். இரண்டாவது பாடம் தூரம். சுவடு ஒன்று பின்னால் வைத்தால் கை எட்டாது. மூன்றாவது, இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து, "வேண்டாம். கையை எடு" என்று பக்கத்து வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வது. கெஞ்சலும் வேண்டாம், கெட்ட வார்த்தையும் வேண்டாம். நாலாவது, அங்கிருந்து நகர்ந்து பெரியவர் இருக்கிற இடத்துக்கு நடப்பது. ஓடுவதில் வெட்கமில்லை என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது, சினிமா அதற்கு நேர் எதிராகச் சொல்லிக்கொடுத்து வைத்திருப்பதால்.

இதை வாயால் சொன்னால் ஏறாது. பஸ் சீட் மாதிரி பெஞ்சைப் போட்டு, ஒருவன் பையை இழுக்க, ஒருவன் பட்டப்பெயர் சொல்ல, நடித்துப் பழகுகிறோம். முதலில் சிரிப்பாக இருக்கும். பிறகு சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கண் கலங்கும், அவர்களுக்கு இது நடிப்பில்லை என்று அப்போது தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளின் வீட்டாரிடம் நான் தனியாகப் பேசுவேன்.

வேடிக்கை பார்க்கிறவனுக்கும் பாடம் உண்டு. கனடாவில் பள்ளி மைதானத்தில் கேமரா வைத்துப் பார்த்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், வாட்டல் நடந்தவற்றில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் கூடவே நின்றிருந்தார்கள். 19 சதவீதத்தில் மட்டும்தான் யாராவது தலையிட்டார்கள். ஆனால் அப்படித் தலையிட்டதில் பாதிக்கு மேல், 57 சதவீதம், 10 வினாடிக்குள் விஷயம் நின்றுவிட்டது. தலையிடுவது என்றால் சண்டைக்குப் போவதில்லை. "வாடே, சார் கூப்பிடுகாரு" என்று பாதிக்கப்பட்டவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாலே போதும். எங்கள் பிள்ளைகளிடம் நான் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

அவன் அடிச்சா திருப்பி அடிக்கச் சொல்லலாமா, கூடாதா? நேரா சொல்லுங்க.

நேராகவே சொல்கிறேன். வார்த்தைக்கு அடி கிடையாது. பொருளைப் பிடுங்கினதற்கு அடி கிடையாது. நேற்று அடித்ததற்கு இன்று அடி கிடையாது. பிடித்து வைத்து அடிக்கிறான், விலக வழியில்லை, கூப்பிட ஆளில்லை என்றால் பிடியை விடுவித்துத் தள்ளிவிட்டு ஓடலாம். விடுபட்ட பிறகு ஒரு அடி கூடப் போட்டால் அது தற்காப்பு இல்லை.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. காப்பாற்றிக்கொள்ளத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் கொடுக்காது. 18 வயதுக்குக் கீழே என்பதால் ஒன்றும் ஆகாது என்று சில அப்பாக்கள் நினைக்கிறார்கள். பெரிய காயம் என்றால் விஷயம் சிறுவர் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம் வரை போகும். "களரிக்குப் போறவன்" என்ற பெயர் அப்போது உங்கள் பிள்ளைக்கு உதவாது, எதிராகத்தான் பேசப்படும்.

சண்டை படிச்ச பிள்ளைங்க ரவுடி ஆயிடும்ணு எங்க வீட்டுல பெரியவங்க சொல்லுகாங்க.

அவர்கள் பயம் முழுக்கத் தப்பில்லை. 1986-ல் அமெரிக்காவில் மைக்கேல் ட்ருல்சன் என்பவர், சட்டச் சிக்கலில் மாட்டின 34 இளைஞர்களை மூன்று குழுவாகப் பிரித்து 6 மாதம் பயிற்சி கொடுத்தார். ஒரு குழுவுக்குத் தியானம், மரியாதை, ஒழுக்கப் பாடம் எல்லாம் சேர்ந்த மரபு டேக்வாண்டோ. இன்னொன்றுக்குச் சண்டை நுணுக்கம் மட்டும். மூன்றாவதுக்கு ஓட்டமும் கூடைப்பந்தும். முதல் குழுவில் மூர்க்கம் குறைந்தது. சண்டை மட்டும் படித்த குழுவில் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் எங்கள் அனுபவத்துக்குப் பொருந்தி வருகிறது. 2005-ல் நார்வேயில் 11 முதல் 13 வயதுப் பையன்களைப் பார்த்த ஆய்வில், குத்துச்சண்டை, மல்யுத்தம், பளு தூக்குதல், கிழக்கத்திய சண்டைக் கலைகள் ஆகியவற்றில் இருந்தவர்களிடம் வெளியே முறைகேடான நடத்தை கூடியதாகவே வந்தது. அதை எழுதின இருவரில் ஒருவர் மேலே சொன்ன ஓல்வேயஸ்தான்.

மறுபக்கம், 2004-ல் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் மழலை வகுப்பு முதல் 5-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 3 மாதம் டேக்வாண்டோ கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான உடற்பயிற்சி வகுப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்குத் தன்னடக்கமும் வகுப்பறை நடத்தையும் நன்றாக மாறின. ஆக, என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியவர்களிடம் சண்டை போடாமல், அவர்களையே ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து வகுப்பைப் பார்க்க விடுங்கள்.

சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகு. தங்கச்சிகிட்ட பூட்டு போட்டுப் பாக்கான். நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம், ஆசானிடம் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போகும். எங்கள் களரியில் இதற்கு ஒரே நடைமுறை: வெளியே காட்டினால் சில வாரம் கம்பைத் தொடக்கூடாது, ஓரமாக இருந்து சின்னவர்களுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும். அடியைவிட இது உறைக்கும்.

வாட்டுகதே எனக்க மவன்தான். பள்ளியில கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. அவனச் சேர்ப்பீங்களா?

இதைக் கேட்க அந்த அம்மாக்கள் படுகிற பாடு பெரிது. சேர்ப்போம், ஆனால் உடனே பூட்டும் அடியும் கிடையாது. மேலே ரவுடி கேள்வியில் சொன்ன காரணத்தால் இந்தப் பிள்ளைக்கு வெறும் சண்டை நுணுக்கம் கெடுதல். சுவடு, மூச்சு, வயதில் மூத்த நிதானமான ஒருவனோடு கூட்டு. பள்ளியில் பெரியவனாக இருக்கிறவன் இங்கே எல்லாருக்கும் கடைசியில் நிற்க வேண்டிவரும்; அதைத் தாங்கிக்கொண்டு தொடர்ந்து வந்தால் நல்ல அறிகுறி.

கூடவே வீட்டில் யார் அவனை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அதை அப்பாமாரிடம் சொல்லும்போதுதான் பேச்சு தடித்துப் போகிறது. இருந்தாலும் சொல்லாமல் விடுவதில்லை.

பொம்பளப் பிள்ளைய அனுப்பலாமா? சொல்லிக்குடுக்கது ஆம்பளல்லா?

அனுப்புங்கள், ஆனால் நிபந்தனை போட்டு அனுப்புங்கள். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும். தனி வகுப்பு, மூடின அறை, இரவு நேர 'ஸ்பெஷல்' பயிற்சி எதுவும் கூடாது. நிலையைத் திருத்த வாயால் சொல்லலாம், கம்பு நுனியால் காட்டலாம், தொட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொடலாம். எண்ணெய் தேய்ப்பு, உளுக்கு எடுப்பு என்று எதுவானாலும் வீட்டார் முன்னால்தான். இந்த விதிகள் ஆண்பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும், அவர்கள் விஷயத்தில் யாரும் கவனிப்பதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. தவறு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் அதில் குற்றம்.

10, 12 வயதில் நன்றாக ஆடுகிற பெண்பிள்ளைகள் வயசுக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். வாட்டல் வேறு விதமாக மாறுகிற வயதும் அதுதான், பஸ்ஸில் உரசுகிறவன், பின்னால் வருகிறவன் என்று. நிறுத்தக் கூடாத நேரத்தில் நிறுத்துகிறோம். பழைய மாணவி ஒருத்தி உதவிக்கு நிற்கிற வகுப்பாகத் தேடுங்கள்.

நல்ல ஆசான்ணு எப்படிக் கண்டுபிடிக்க? எல்லாரும் சுவர்ல மெடல் மாட்டி வச்சிருக்காவ.

மெடலைப் பார்க்க வேண்டாம். வகுப்பில் ரொம்பத் தவறு செய்கிற பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். கேலி செய்து மற்றவர்களைச் சிரிக்க வைத்தால், பள்ளியில் நடப்பதையே இங்கே காசு கொடுத்து வாங்குகிறீர்கள். பிரம்பால் அடிக்கிறாரா? "பழைய காலத்து முறை" என்பார்கள். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கிறவர் கொடுமை செய்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு அவருக்கும் பொருந்தும்.

செலவை முதலிலேயே முழுதாகக் கேளுங்கள்: மாதக் கட்டணம், உடை, பெல்ட் தேர்வுக் கட்டணம், போட்டி நுழைவு, பயணம். மாதக் கட்டணம் குறைவாக வைத்துப் பெல்ட் தேர்வில் வாங்குகிற இடங்கள் உண்டு. 2 வருடத்தில் கறுப்பு பெல்ட் என்று சின்னப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தால் அது வியாபாரம்.

நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. களரியில தரையைத் தொட்டுக் கும்பிடச் சொல்லுவாங்களாமே?

இந்த மாவட்டத்தில் ஆசான்மாரில் எல்லா மதத்தாரும் உண்டு, மாணவர்களிலும் அப்படித்தான். வணக்கம் என்பது நிலத்துக்கும் சொல்லித்தருபவருக்கும் எதிரே நிற்பவனுக்கும் செய்கிற மரியாதை, கராத்தேயில் குனிவது மாதிரி. விளக்கு, படம் வைத்திருக்கிற இடங்களில் உங்கள் பிள்ளை கைகட்டி நின்றால் போதுமா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். நல்ல ஆசான் முகம் சுளிக்க மாட்டார். ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்பு இருக்கும் என்று தெரிந்து சனிக்கிழமை வகுப்பு வைக்கிற இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

அடிபடுமே? இவனுக்கு வீசிங்கும் உண்டு.

சிராய்ப்பு, விரல் சுளுக்கு வரும். அதற்கு மேல் வராமல் பார்ப்பது வகுப்பின் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளைக் கொண்டு ஓடு உடைக்க வைப்பது, காலை விரித்து மேலே ஏறி அமுக்குவது, தலைக்கு அடிக்க விடுவது, இவை மூன்றும் கூடாது. வளரும் எலும்பின் முனையில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது, அங்கே அடிபட்டால் எலும்பு வளர்வதே பாதிக்கலாம். தலையில் அடிபட்டு வாந்தி, அரைமயக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியானாலும் பக்கத்தில் உள்ளதானாலும் சரி.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தாராளமாக வரலாம். இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று ஆசானுக்கும் தெரிய வேண்டும், உடம்பைச் சூடாக்கும் பயிற்சியை விடக்கூடாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கூரையில்லாத களரியில் ஈரத்தில் வழுக்கும். மழை நாளில் என்ன செய்வார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

படிப்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? சர்டிபிகேட், கோட்டா?

சிலம்பம் தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் போட்டிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் வாட்டலுக்காகச் சேர்த்த பிள்ளையை முதல் வருடமே போட்டிக்கு இழுக்காதீர்கள். தோல்வியை எல்லார் முன்னாலும் வாங்க அவன் இன்னும் தயாராகியிருக்க மாட்டான்.

இப்ப எல்லாம் போன்லல்லா வாட்டுகாவ. வாட்ஸ்ஆப் குரூப்புல படத்த ஸ்டிக்கர் ஆக்கிப் போடுகாவ.

இதற்குக் கம்பு உதவாது. அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி தெரியும்படி. பிள்ளை பதிலுக்குப் போட வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள். படத்தை அசிங்கமாக மாற்றியிருந்தாலோ மிரட்டினாலோ சைபர் கிரைம் போலீஸ். போனைப் பிடுங்கி வைப்பதுதான் பல வீட்டில் முதல் தண்டனை. அப்படிச் செய்தால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லாது.

பள்ளியில சொன்னா, "உங்க பிள்ளைதான் தொட்டாச்சிணுங்கி"ண்ணு சொல்லிட்டாங்க. இனி என்ன செய்ய?

வாயால் சொல்வதை நிறுத்தி எழுத்தில் கொடுங்கள். எந்த நாள், எந்த இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதி, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். மேலே சொன்ன மூன்று அடையாளங்களையும் அதில் காட்டுங்கள்: வேண்டுமென்றே, தொடர்ந்து, பலமில்லாதவன் மேல். அதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர், பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. 1098-க்குப் பிள்ளையே கூப்பிடலாம், காசு கிடையாது.

பிள்ளையைக் களரிக்கு அனுப்பினதால் பள்ளியின் கடமை தீர்ந்துவிடாது. "இப்ப கராத்தே படிக்கான்லா, அவனே பாத்துக்கிடுவான்" என்று ஒரு ஆசிரியர் சொன்னதாக ஒரு அம்மா வந்து சொன்னார். 10 வயதுப் பிள்ளை எப்படிப் பார்த்துக்கொள்ளும்?

சாதியச் சொல்லி வாட்டுகானுவ. அதயும் தைரியமா நின்னு சமாளிக்கணும்ணு சொல்லுவீங்களா?

மாட்டேன். இது பிள்ளை சமாளிக்கிற விஷயமே இல்லை. 2023 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்தில் நாங்குநேரியில் ஒரு மாணவன் உடன் படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகுதான் அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, சாதியைக் காட்டும் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. வசைச் சொல்லில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் வேண்டாம். முந்தின பதிலில் சொன்ன எழுத்துப் புகாரை முதல் தடவையிலேயே கொடுங்கள், இரண்டாவது தடவைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆள் சேர்த்துக்கொண்டு பேசப் போகவும் வேண்டாம்.

களரிக்குள்ளும் கவனியுங்கள். ஒரே தெருக்காரர்கள், ஒரே ஆட்கள் மட்டும் நிற்கிற களரியாக இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பூட்டுப் பழகுவதில் எந்த அறிவுரையும் தராத பலன் இருக்கிறது.

எல்லாம் சரி. ஆனா அவனுக்கு இது பிடிக்கவே இல்ல. கட்டாயப்படுத்தலாமா?

முதல் சில வாரம் சிணுங்குவது வழக்கம், அதற்கு இறங்க வேண்டாம். 3 மாதம் கழித்தும் வகுப்பு நாளில் அதே வயிற்றுவலி வந்தால் விட்டுவிடுங்கள். முதல் கேள்வியில் சொன்ன மூன்றும், செய்து ஜெயிப்பது, குரல், இன்னொரு கூட்டம், வேறு இடத்திலும் கிடைக்கும். தூத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து போதும். சிலருக்குச் சர்ச் பாடகர் குழு, சிலருக்கு நாதஸ்வரமோ செண்டையோ, சிலருக்குச் சதுரங்கம். எங்கள் வகுப்பில் ஒரு சுவடும் ஒழுங்காக வராத பையன் ஒருவன் நீச்சலுக்குப் போனான். இப்போது குளத்துக்குப் போகும் வழியில் களரி வாசலில் சைக்கிளை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, சுவடு தப்பாக வைக்கிறவர்களைத் திருத்திவிட்டுப் போகிறான்.